சத்தம் தூக்கிப் போன அணில்கள்

குருவம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓடு உடைத்த பழத்தை இடது கையால் கல்லின் மேல் நிறுத்தி வலது கைக் கட்டையால் ஒரு போடு போட்டால் கொட்டை தெறித்து விழ வேண்டும், சதை விரலோடு நிற்க வேண்டும். அவள் போட்ட போடெல்லாம் சரியாகத்தான் விழுந்தது, கொட்டையும் ஒழுங்காகத்தான் தெறித்தது, ஆனால் கட்டை கல்லில் பட்டபோது டக்கென்று ஒரு சின்ன ஓசைகூட எழவில்லை, ஏனென்றால் அந்தக் கட்டையின் சத்தத்தை மாசி மாதமே ஒரு அணில் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டிருந்தது.

அவளுடைய வலது கால் பெருவிரலில் ஒரு நூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனை அவள் மகள் பவுனின் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தது. பவுனுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. பிள்ளை கோழியைத் துரத்தினால் விரல் இழுபடும், உட்கார்ந்தால் தளரும், விழுந்தால் வெடுக்கென்று சுண்டும். அப்படிச் சுண்டிய போதெல்லாம் கட்டையைப் போட்டுவிட்டு ஓடிப் பார்ப்பாள் குருவம்மா. பிள்ளை வாயை அகலத் திறந்து, கண்ணீர் கன்னத்தில் வழிய, மூச்சு முட்ட அழுதுகொண்டிருக்கும், சத்தம் மட்டும் இருக்காது.

நெடுங்கரையில் முதலில் போனது மாவு மில்லின் சத்தம். ஒரு நாள் காலையில் கம்பு திரிக்க வந்த சனம் வரிசையில் நிற்க, மில்லின் தகரக் கூரையில் வந்து உட்கார்ந்த ஓர் அணில், கன்னம் இரண்டும் உப்ப எதையோ வாயில் அடக்கிக்கொண்டு, வாலைத் தூக்கிப் பிடித்தபடி மலைப்பக்கம் ஓடியது. மில்காரர் கரண்டு போய்விட்டதென்று நினைத்து வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தார். உள்ளே பெல்ட்டு சுற்றிக்கொண்டிருந்தது, மாவு கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வாசலில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டார். துணி தொங்கினால் மில் ஓடுகிறது என்று ஊர் தெரிந்துகொண்டது. அடுத்து டவுன்பஸ்ஸின் ஹாரன் போனது, அதிலிருந்து கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டித் தட்டி ஆடு மாடுகளை விலக்கினார். பள்ளிக்கூட மணி போனது, வாத்தியார் துண்டை வீசினார். சேவல்களின் கூவல் போனது, சேவல்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கூரையை விட்டு இறங்கி நின்றன. பக்கத்து வீட்டுச் சுருளியம்மாவின் மாமியார் வைகிற வசவு போனது. கிழவி கையை நீட்டி நீட்டி வாயசைக்க, சுருளியம்மா அந்த நேரத்தில் எதிரிலேயே உட்கார்ந்து கறிவேப்பிலை உருவினாள். வீட்டில் அப்படி ஒரு நிம்மதியை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. குழாயடியில் கேட்டதெல்லாம், "இன்னைக்கு ஆரு வீட்டுல என்ன போச்சு?" என்பதுதான். போனதைச் சொல்லி, அதற்கு என்ன ஏற்பாடு செய்துகொண்டோம் என்பதையும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பவுனு வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தபோதுதான் அதுவும் நடந்தது. பக்கத்தில் வந்து இரண்டு காலில் நின்ற அணிலைப் பார்த்துப் பிள்ளை, "ம்மோ, ம்மோ" என்று தாயைக் கூப்பிட்டுச் சிரித்து, ஒரு பொரியை நீட்டியது. அணில் பொரியையும் வாங்கிக்கொண்டது, ம்மோவையும் வாங்கிக்கொண்டது, சிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு முருங்கை மரத்தில் ஏறி, கூரைக்குத் தாவி, போயே போய்விட்டது. குருவம்மா சனத்தோடு சனமாகப் பழகிக்கொள்ளத்தான் பார்த்தாள். ஆனால் ஒரு நாள் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடிக்கையில் பிள்ளை மாட்டுக் கழனித் தொட்டிக்குள் விழுந்து கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்று வீறிட்டு அழுதிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை. கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்ததால் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குக் கட்டியதுதான் அந்த நூல். விரல் கன்றிப்போகாமல் இருக்க அன்றாடம் விரல் மாற்றிக் கட்டிக்கொள்வாள்.

பிடித்தால் திரும்பி வரும் என்பதைக் கண்டுபிடித்தவர் டீ மாஸ்டர். டீ ஆத்துகிற சத்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்த அணிலை அவர் சாக்கைப் போட்டு அமுக்கி, பாய்லர் மேல் தூக்கிப் பிடித்து வயிற்றைத் தடவ, அது கூச்சத்தில் நெளிந்து வாயைத் திறந்து சத்தத்தைக் கக்கிவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு டீ கூடுதலாகக் கொடுத்தார். கொன்றால் என்ன ஆகும் என்பதைக் கண்டுபிடித்தவர் சீனிச்சாமி. ரப்பர்க் கவட்டையில் கல் வைத்தால் குறி தவறாத ஆள். ஊர் எல்லையில் ஓர் அணிலை அடித்து, மிளகு போட்டு வறுத்துத் தின்றார். அது ஐஸ் வண்டிக்காரரின் ஹாரனை வைத்திருந்த அணில். மறுநாள் காலையில் சீனிச்சாமி கொட்டாவி விட்டபோது வயிற்றுக்குள்ளிருந்து பாம் பாம் என்று வந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தட்டோடு ஓடி வந்துவிட்டார்கள். ஐஸ்காரர் எவ்வளவோ கெஞ்சியும், வயிற்றைத் தடவியும், விளக்கெண்ணெய் கொடுத்தும் ஹாரன் திரும்பவில்லை. கடைசியில் வண்டிக்கு முன்னால் நடந்து வர சீனிச்சாமியையே கூலிக்கு வைத்துக்கொண்டார்.

சீனிச்சாமிக்கு அதில் ஒரு தலைக்கனம் வந்துவிட்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு, நாயனத்தைத் தூக்கிட்டுப் போன அணிலு மட்டும் கையில கிடைச்சுச்சு, தின்னுட்டேன்னு வையி, ஒரு கல்யாணம் விடாம நாந்தான் முன்னால நடப்பேன்" என்று டீக்கடையில் பேசினார்.

அதைக் கேட்டு வந்து சொன்னவள் சுருளியம்மாதான். குருவம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பவுனின் சத்தம் எந்த மரத்தில் எந்த அணிலின் வாயில் இருக்கிறதோ. அதை ஒருத்தர் அடித்துத் தின்றுவிட்டால், பிள்ளை ம்மோ என்று கூப்பிட வேண்டியதெல்லாம் காலத்துக்கும் அந்த ஆளின் வயிற்றில் கிடந்து கூப்பிடுமே.

அப்படி இருக்கும்போதுதான் காட்டைக் காவல் காக்கும் வாட்சர் வந்து ஊர் நடுவில் நின்றார். விசிலை வாயில் வைத்து ஊதினார். பழக்கம் விடவில்லை. விசிலின் சத்தம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஊதி முடித்துவிட்டு வாயால் சொன்னார்: குதிரைமூக்குக் கரட்டுக் காப்புக்காட்டை ஒரு பகல் திறந்துவிட மேலே இருந்து உத்தரவாகிவிட்டது, அணில் மட்டும் பிடித்துக்கொள்ளலாம், துப்பாக்கி கூடாது, நாய் கூடாது, பொழுது சாய்வதற்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும்.

ஊர் கொள்ளாத சந்தோசம். அந்தக் காடு கண்ணுக்கு எதிரே இருந்தும் எல்லைக்கல்லைத் தாண்டி ஒருத்தர் கால் வைத்ததில்லை. விறகு பொறுக்கவும் புளி பொறுக்கவும் பெண்கள் கல்லோரமாகப் போய் வாட்சர் தலை தெரிந்தால் பதுங்கிக்கொள்வார்கள். வேட்டைக்கென்று உள்ளே போவது இதுதான் முதல் தடவை. கடையில் நிலக்கடலை தீர்ந்தது, தேங்காய்ச் சில்லு தீர்ந்தது, பழைய கொசுவலை கேட்டு வீட்டுக்கு வீடு ஆள் வந்தது, சலூன்காரர் ஒரு நல்ல நாள் பெருநாள் மாதிரி வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். கோயில் மரத்தடியில் கூடி ஊர்க் கட்டுப்பாடு பேசினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள். பாட்டன் காலத்து முயல் வேட்டையில் இருந்த வழக்கம்தான் இதற்கும்: எவர் கண்ணில் அணில் பட்டதோ அவர் தன் வீட்டுத் தலைவன் பேரைச் சொல்லிக் காடு கேட்கக் கூவ வேண்டும். பேர் போடுவது என்று அதற்குப் பேர். பேர் போட்ட உருப்படியை வேறு ஆள் தொடக்கூடாது. பேர் போடாதது பொது, அடிக்கிறவர் அடிக்கலாம், பிடிக்கிறவர் பிடிக்கலாம், கேள்வி கிடையாது.

குருவம்மாவின் வீட்டுக்காரன் தென்னை மரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். கொசுவலைத் துண்டை அலுமினியக் கம்பி வளையத்தில் சேர்த்துத் தைத்து, தொரட்டிக் கம்பின் நுனியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏ புள்ள. நீதான் போகணும். வேற ஆரு இருக்கா?"

"ம்."

"வலை வீசுறதெல்லாம் பெரிய வித்தையில்ல, மல்லிகைச் செடியில துணி விழுந்தா எடுப்பீல்ல, அம்புட்டுத்தான். ஆனா பேர் போடணுமே. என் பேரைச் சொல்லிருவியா?"

குருவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்வதற்கே பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிச் சொல்லச் சொன்னவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் பேர் அவள் நாக்கில் பட்டதில்லை. ரேசன் கடையில் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் பின்னால் நிற்கிற சுருளியம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள், அவள் சொல்வாள்.

"இப்ப சொல்லு பாப்பம். இங்க ஆருமில்ல."

"போங்க."

"மெதுவாச் சொல்லு. காதுல சொல்லு."

"அவுக..." என்றாள்.

"அவுகன்னா ஆரு? ஊருல நூறு அவுக இருக்காய்ங்க."

"பவுனு அப்பா..."

"வெளங்கிரும். அணிலு உக்காந்து கேட்டுட்டு, சரித்தான், பவுனு அப்பா வந்துருக்காகன்னு எறங்கி வந்து கும்பிடும்." சிரித்தவன், பிள்ளை தன் காலின் மாவுக்கட்டில் தலைவைத்து வாய் திறந்து சிரிப்பதைப் பார்த்தான். பவுனின் சிரிப்பில் தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, அவ்வளவுதான். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து குருவம்மாவின் கால் விரலிலிருந்து நூலை அவிழ்த்துத் தன் விரலில் கட்டிக்கொண்டான். "நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்," என்றான்.

விடிந்ததும் ஊர் மலை ஏறியது. எல்லைக்கல்லைத் தாண்டும்போது எல்லாரும் ஒரு நிமிசம் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தார்கள். சுருளியம்மா, "முள்ளு குத்துனா சாமியா வந்து எடுக்கும்?" என்று செருப்போடு தாண்டினாள், மற்றவர்களும் தாண்டினார்கள். தாண்டியதும் குருவம்மாவுக்குக் காது நிறைந்துவிட்டது.

ஏனென்றால் ஊரே அங்கே இருந்தது. உசிலை மரத்தில் மாவு மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, வேங்கை மரத்தில் டவுன்பஸ் ஹாரன் அடித்தது, ஓடைக்கு அந்தப்புறம் பள்ளிக்கூடம் விட்டது, அதற்கு மேலே பாறையில் கோயில் மணி அடிக்க, அதைக் கேட்டுக்கொண்டு எங்கேயோ ஒரு நாயனம் ஒரே கீர்த்தனையைத் திரும்பத் திரும்ப ஆரம்பித்தது, கொடுக்காப்புளிக் கிளையிலிருந்து அம்மி அரைபட்டது, அத்தி மரத்தில் சேவல்கள் கூவின, யாருடையது என்று தெரியாத இருமல் ஒன்று புதருக்குள் இருமியது, இலைக்கு இலை, கொப்புக்குக் கொப்பு, வாலைத் தூக்கிக்கொண்டு அணில்கள் ஓட, அவை ஓடிய வழியெல்லாம் நெடுங்கரையின் வாரச்சந்தை நடந்தது. ஆட்கள் கம்பும் வலையுமாக வாயைப் பிளந்து நின்றார்கள். அப்புறம் ஒருத்தர் "மில்லு! என் மில்லு!" என்று கத்தினார், காடு கிடுகிடுத்தது.

"காசிப்பாண்டி வீடு!" "சடையன் வீடு!" "முத்துக்கருப்பன் வீடே!" பேர் மேல் பேர் விழுந்தது. வலைகள் எழும்பின, கூடைகள் கவிழ்ந்தன, வேட்டியை விரித்துக்கொண்டு மரத்தடியில் ஆட்கள் ஓடினார்கள். கண்டக்டர் ஹாரனைப் பிடித்துவிட்டார், பிடித்த சந்தோசத்தில் சரிவில் உருண்டார், உருண்டபோதும் கையை விடவில்லை, உருண்ட இடமெல்லாம் ஹாரன் அடித்தது. வாத்தியார் துண்டாலேயே பள்ளிக்கூட மணியைப் பிடித்தார். சுருளியம்மா ஒரு புதருக்குள் மாமியாரின் வசவைக் கேட்டாள். வசவு அவள் தலைமுறையையே இழுத்து நாறடித்துக்கொண்டிருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையிலிருந்த கடலையை எல்லாம் அந்த அணிலுக்கே போட்டு, "தின்னு, தின்னு ராசா, இங்கனயே இரு, மேல ஏறிப் போயிரு," என்று கைகூப்பினாள்.

குருவம்மாவுக்கு பயமா சந்தோசமா என்று தெரியவில்லை, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினாள், ஆறாம் வகுப்புக்குப் போகாமல் ஆடு மேய்த்த காலத்தின் கால் அவளுக்குத் திரும்ப வந்திருந்தது, முள் கீறியது தெரியவில்லை, தலை அவிழ்ந்தது தெரியவில்லை. ஒவ்வொரு மரமாக நின்று காதைக் கொடுத்தாள். அம்மி. இது இல்லை. தறி. இது இல்லை. உரல். இல்லை. தான் புளி தட்டும் கட்டையின் டக் டக் ஒரு பாலை மரத்திலிருந்து கேட்டது, நிற்கவே இல்லை அவள். சனம் பின்தங்கியது, சந்தடி கீழே போனது, ஓடை குறுகிப் பள்ளமாகி, பள்ளத்துக்கு எதிர்க்கரையில் தனியாக நின்ற ஒரு பெரிய நாவல் மரத்தின் உச்சியிலிருந்து,

"ம்மோ."

அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ம்மோ," என்றது திரும்பவும். அதன் பின்னால் ஒரு விக்கலோடு முடிகிற சிரிப்பு. பவுனுக்குச் சிரித்து முடிந்தால் விக்கல் வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். உச்சிக் கொப்பில் ஒரு நாவல் பழத்தை இரண்டு கையாலும் பிடித்து உருட்டித் தின்றுகொண்டிருந்தது அது. தின்கிற வாயில் சத்தம் வராது. இப்போது அது எல்லா அணிலையும் போல ஓர் அணில்.

அப்போதுதான் சீனிச்சாமி அந்த மரத்தடிக்கு வந்து நின்றார். கவட்டையில் கல்லை வைத்துவிட்டார். ரப்பரைக் காது வரைக்கும் இழுத்துவிட்டார்.

"அண்ணே!" என்றாள். வாய்க்குள்ளேயே சுற்றி வந்தது.

"அண்ணே!"

சீனிச்சாமி கண்ணை எடுக்காமல், "ஆருத்தா அது?" என்றார்.

"அது... அது எங்க வீடு!"

"எந்த வீடு?"

"அவுக வீடு!"

"எவுக வீடு? பேரைப் போடு, கல்லை எறக்குறேன். நாயனமா இருக்கும்போல இருக்கு, நான் விட மாட்டேன்."

"நாயனம் இல்லண்ணே! பிள்ளை! எம்பிள்ளை!"

"அது வாயைத் திறந்தால்ல தெரியும். எனக்குக் கேக்கல. பேரைப் போடு புள்ள, கை வலிக்குது."

"பவுனு அப்பா வீடு!"

"பவுனு அப்பா, கருவாயி மாமன், எருமைக்கு எசமான், இதெல்லாம் பேரா? ஊர்க்கட்டு என்ன? வீட்டுக்காரன் பேரு!" என்ற சீனிச்சாமிக்கு அவசரத்தில் ஒரு கொட்டாவி வர, வயிற்றிலிருந்து பாம் என்று ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தில் அணில் பழத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தது. அவர் குறியைத் திருத்தினார். ரப்பர் இன்னும் கொஞ்சம் நீண்டது.

குருவம்மா வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, காற்று வந்தது, பேர் வரவில்லை. ஒரு கணம் தன் சத்தத்தையும் ஏதோ ஓர் அணில் கொண்டுபோய்விட்டதோ என்று நினைத்தாள். தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று வாயைத் திறந்துகொண்டிருந்த பிள்ளை கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து, பவுனைப் பெற்றபோதுகூட பல்லைக் கடித்து அடக்கி வைத்த அந்த இடத்திலிருந்து, அது கிளம்பி மேலே வந்தது.

"மொக்கராசு! மொக்கராசு வீடே! மொக்கராசூ!"

காடு நின்றது. மில் நின்றது, மணி நின்றது, நாயனம் ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. பேர் எதிர்ப்பாறையில் மோதி, திரும்பி, ஓடை வழியாக இறங்கி, எல்லைக்கல்லைத் தாண்டி, புளியந்தோப்பைத் தாண்டி, ஊருக்குள் போனது. கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த மொக்கராசு, "ஆரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்ததாகப் பிற்பாடு சொன்னான். அவன் அம்மா செத்த பிறகு இத்தனை சத்தமாக அவனை யாரும் கூப்பிட்டதில்லையாம்.

சீனிச்சாமியின் கையிலிருந்து கவட்டை நழுவிக் காலில் விழுந்தது. "யாத்தே," என்றார். "சரி சரி. பேர் விழுந்துருச்சு. உன்னோடதுதான்."

அணில் உச்சிக் கொப்பில் கல்லாகச் சமைந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. குருவம்மா பள்ளத்தில் இறங்கினாள், ஏறினாள், நாவல் மரத்தின் முதல் கவையில் கால் வைத்து ஏறி நின்று தொரட்டியை நீட்டினாள். எட்டவில்லை. அடுத்த கவைக்கு ஏறினாள். கீழே சீனிச்சாமி இரண்டு கையையும் விரித்து, "பாத்துத்தா, கொப்பு வலுவில்ல, விழுந்தா நான் பிடிச்சுக்கிறேன்," என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். செடியில் விழுந்த துணியை எடுப்பது போலத்தான் வளையத்தைக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். கொசுவலைக்குள் அது துள்ளியது, பந்தாகச் சுருண்டது, அவள் கையை விட்டுக் கடி வாங்கி, கடித்த பல்லோடு அதை எடுத்து முந்தானையில் சுற்றி மடியில் கட்டினாள்.

இறங்குகிற வழியெல்லாம் மடி கூப்பிட்டது. "ம்மோ." "இந்தா வந்துட்டேன்." "ம்மோ, ம்மோ." "வந்துட்டேன்டி, வந்துட்டேன், வீட்டுக்குத்தான் போறோம்." ஆட்கள் வேட்டையை விட்டுவிட்டு வழி விட்டார்கள். "மொக்கராசு வீடு போகுது பாரு!" என்று ஒருத்தர் சிரித்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவருக்கு முன்னாலேயே அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, கடிவாயிலிருந்து ரத்தம் சொட்ட, ஓட்டமும் நடையுமாகப் போனாள். சீனிச்சாமி பின்னாலேயே தொரட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் எவனாவது மறித்தால் ஹாரன் அடிப்பதற்காகக் கொட்டாவிக்கு வாயைத் தயாராக வைத்திருந்தார்.

வாசலில் மொக்கராசு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னைக் கூப்பிட்டியாமே?" என்றான். அவள் முட்டி போட்டு, மடியை அவிழ்த்து, அணிலைப் பவுனின் வாயருகே பிடித்து வயிற்றைத் தடவினாள். அணில் நெளிந்தது. ஒரு கையால் அவள் விரலைத் தள்ளியது. வாயைத் திறந்தது. பவுனு தும்மினாள்.

அவ்வளவுதான். அணிலைக் கீழே விட்டதும் அது போகாமல் கொஞ்ச நேரம் நின்று, லேசாகிப் போன கன்னத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு, கீச் கீச் என்று தன் சொந்தச் சத்தத்தில் கத்திவிட்டு முருங்கையில் ஏறியது. வாசலில் சனம் கூடி நின்றது. பவுனு எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள், இத்தனை முகத்தைப் பார்த்த பயத்தில் உதட்டைப் பிதுக்கினாள், அப்புறம் அழுதாள் பாருங்கள், அடுத்த தெருவில் கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது. இத்தனை நாள் அழுத அழுகைக்கெல்லாம் சேர்த்து அழுதாள். ஊர்ச் சனம் கைதட்டியது. சுருளியம்மா குலவை போட்டாள். மொக்கராசு மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்து சேர்ந்தவை பாதி, சேராதவை பாதி. மில் ஓடியது, சிவப்புத் துணியை எடுக்க மில்காரருக்கு மனசு வரவில்லை. வாட்சரின் விசில் கிடைக்கவில்லை, அவர் இன்றைக்கும் ஊதிவிட்டுத்தான் பேசுகிறார். ஒரு வாரம் போனதும் பஸ்காரன் இப்படி ஹாரன் அடித்தால் மனுசன் குடியிருப்பதா என்று ஊர் சலித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆனால் பெண்கள் மட்டும் சலித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேறு ஒரு வேலை வந்துவிட்டது. மாவரைக்கப் போகிற வழியிலும் விறகுக்குப் போகிற வழியிலும் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, முதலில் வாய்க்குள், அப்புறம் கொஞ்சம் வெளியே, தங்கள் வீட்டுக்காரன் பேரைச் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லிவிட்டு, குடி முழுகிவிடவில்லையே என்று சுற்றிப் பார்த்துச் சிரித்தார்கள்.

குழாயடியில் குருவம்மாவைச் சுற்றி இப்போதெல்லாம் கூட்டம். முன்பு கடைசி ஆளாக நின்று, எல்லாரும் பிடித்துப் போன பிறகு குடத்தை வைக்கிறவள்.

"இன்னொருக்காச் சொல்லுடி," என்றாள் சுருளியம்மா. "அந்த எடத்துல இருந்து. சீனி அண்ணன் ரப்பரை இழுத்துக்கிட்டு நிக்கிறாரு."

"அதான் எத்தனை தடவை சொல்லிட்டேன் மதினி."

"நேத்து வந்தவ கேக்கலையில்ல. இந்தா இவ, புதுசாக் கல்யாணமாகி வந்தவ, இவ கேக்கணுமா வேணாமா?"

புதுப்பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். குருவம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள், பாதி வழியில் விட்டுவிட்டாள். அவள் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, யாரும் குழாயை மூடவில்லை.

"நான் இங்கிட்டு நிக்கிறேன், பள்ளத்துக்கு அங்கிட்டு நாவ மரம். சீனி அண்ணன் பேரைப் போடு பேரைப் போடுங்கிறாரு. எனக்கு நாக்கு மேல அண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. அணிலு என்னையவே பாக்குது மதினி, கண்ணை எடுக்கல, அதுக்கும் தெரிஞ்சிருக்கு போல, இவ கூப்பிட்டாத்தான் நமக்கு உசுருன்னு. அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, இதை இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, அவுக கிட்டகூடச் சொல்லல, அந்த நேரத்துல எனக்கு அந்தப் பேரை விட..."

"ம்மோவ்!"

தெருக்கோடியிலிருந்து வந்தது. குழாயடியே திரும்பியது.

"ம்மோவ்! ஆயி இருந்துட்டேன்! கழுவி வுடூ!"

"வந்துட்டேன்டி!" என்று ஊருக்கே கேட்கும்படி பதில் குரல் கொடுத்த குருவம்மா, அந்தப் பேரை விட என்னடி, அதைச் சொல்லிவிட்டுப் போ என்று சுருளியம்மா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, குடத்தையும் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடி, ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி, "அந்தப் பேரை விட மதினி, எனக்கு அப்ப அந்த ம்மோதான் பெருசாத் தெரிஞ்சுச்சு!" என்று கத்திவிட்டுப் போனாள்.